பூங்காவுக்குப் பணம் இருக்கிறது, அம்மாவுக்கு வீடு இல்லையா?

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்திலேயே, ஆனால் தனியாக இருக்க ஆசைப்படுகிறார். குறைந்த வாடகை சீனியர் அபார்ட்மென்ட் தேடினால் போகிற இடமெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட், கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். எங்கள் தெரு முனையிலோ பெரிய செலவில் பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள். அந்தப் பணத்தை வீட்டுக்குத் திருப்பக் கூடாதா? கவுன்சில் கூட்டத்துக்குப் போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். என்ன கேட்பது?

பதில்: கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் இந்தக் கேள்வியோடு போகாதீர்கள். "பூங்காப் பணத்தை வீட்டுக்குத் திருப்புங்கள்" என்று நீங்கள் சொன்னதும் அதிகாரி எழுந்து "சட்டப்படி முடியாது" என்பார், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதோடு உங்கள் முறை முடிந்துவிடும். மாநகராட்சியிடம் இருப்பது ஒரே கஜானா இல்லை. பெயர் எழுதிப் பூட்டிய பல உண்டியல்கள். எந்த உண்டியலின் சாவி கவுன்சில் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பேச்சு எடுபடும்.

முதலில் தெரு முனைப் பூங்கா. அதற்கான பணம் அனேகமாக உங்கள் சொத்து வரியிலிருந்து வந்ததில்லை. கலிபோர்னியாவில் குயிம்பி சட்டம் என்று ஒன்று உண்டு, 1965-இல் வந்தது. புதிதாக மனை பிரித்து வீடு கட்டுகிறவர், வரப்போகிற ஒவ்வொரு 1,000 பேருக்கும் 3 ஏக்கர் (சில ஊர்களில் 5 வரை) என்ற கணக்கில் பூங்காவுக்கு நிலம் தர வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடான கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தில் பூங்கா அமைக்கலாம், இருப்பதைப் புதுப்பிக்கலாம். வேறு எதற்கும் தொட முடியாது, வாங்கிய பணத்தை எதற்கு என்று ஐந்து வருடத்துக்குள் ஒதுக்கியும் ஆக வேண்டும். சான் ஹோசேயில் இன்னொரு கட்டுப்பாடும் பல வருடமாக நடைமுறையில் இருந்தது: குழந்தைகள் விளையாடும் இடம் மாதிரி அக்கம்பக்கத்துக்கான வசதி என்றால் கட்டணம் வந்த கட்டடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் செலவழிக்க வேண்டும், கால்பந்து மைதானம் போன்ற பெரிய வசதி என்றால் 3 மைலுக்குள். அதனால் உங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய அபார்ட்மென்ட் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவின் மூலதனம் அனேகமாக அங்கேதான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குயிம்பி பணத்தில் ஊஞ்சல் போடலாம், அந்த ஊஞ்சலைச் சுற்றிப் புல் வெட்டும் ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. பராமரிப்பு எல்லாம் பொது நிதியின் தலையில்தான் விழும். பளபளவென்று திறந்த பூங்காவில் கொஞ்ச நாளில் கழிப்பறை பூட்டியே கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம் வீடு. 2012 வரைக்கும் இந்த ஊரில் நிலைமை இப்படி இல்லை. பழைய வட்டாரங்களைச் சீரமைக்க மறுமேம்பாட்டு முகமைகள் (ரீடெவலப்மென்ட் ஏஜென்சி) என்று இருந்தன. அவற்றுக்கு வரும் சொத்து வரி வளர்ச்சியில் 20 சதவீதத்தைக் குறைந்த வருமான வீடுகளுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். சான் ஹோசே முகமை மாநிலத்திலேயே பெரியவற்றில் ஒன்று. மாநில பட்ஜெட் பள்ளத்தை நிரப்ப வேண்டி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அரசு 2011-இல் முகமைகளைக் கலைக்கச் சட்டம் கொண்டுவந்தது, 2012 பிப்ரவரி 1 அன்று அவை மூடப்பட்டன. ஒவ்வொரு வருடமும் தானாக நிரம்பிக்கொண்டிருந்த உண்டியல் அன்றோடு போனது. நீங்கள் பார்க்கும் வெயிட்டிங் லிஸ்ட்டில் அதற்கும் பங்கு இருக்கிறது.

சரி, மக்களிடமே கேட்டு வாங்கலாமே என்றால் அங்கே 1978-இல் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ரொப்பசிஷன் 13 குறுக்கே நிற்கிறது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதம்தான், அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வசூலில் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் கவுன்ட்டிக்கும் போய்விடும். அதற்கு மேல் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2000-இல் சான் ஹோசே மக்கள் பூங்காக்களுக்காக 228 மில்லியன் டாலர் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். 2018-இல் மலிவு வீடுகளுக்காக 450 மில்லியன் கேட்ட மெஷர் வி என்ற நகர வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 64 சதவீதம் பேர் 'சரி' போட்டும் தோற்றது. ஒரு தேர்தலில் 64 சதவீதம் என்றால் அமோக வெற்றி என்போம், இங்கே அது தோல்வி! பள்ளிக் கட்டடங்களுக்கு 2000-லிருந்து 55 சதவீதம் போதும். வீடுகளுக்கும் அதே அளவு போதும் என்று ஆக்க வந்த ப்ரொப்பசிஷன் 5-ஐ 2024 நவம்பரில் மக்களே நிராகரித்துவிட்டார்கள்.

மெஷர் வி தோற்ற பிறகு மாநகராட்சி வேறு வழி பிடித்தது. 2020 மார்ச்சில் மெஷர் ஈ. 2 மில்லியன் டாலருக்கும் அதற்கு மேலும் கைமாறும் சொத்துக்கு 0.75 சதவீதத்தில் தொடங்கி 1.5 சதவீதம் வரை கைமாற்று வரி. இதை "வீட்டுக்கான வரி" என்று எழுதியிருந்தால் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டிருக்கும். அதனால் இன்னதற்கு என்று பெயர் எழுதாத பொது வரி என்று வைத்துப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார்கள், மலிவு வீடுகளுக்குச் செலவிடுவோம் என்பதைக் கவுன்சில் கொள்கையாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் தெருவில் ஒரு வீடு 2.5 மில்லியனுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கும் கட்டுமான, கைமாற்று வரி 1,000 டாலருக்கு 3.30 என்ற கணக்கில் 8,250 டாலர் வரும். அந்த வரியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பூங்காக்களுக்கு என்று பல காலமாகவே பிரித்துவைத்தது. அதே விற்பனையில், தொடக்கத்தில் வைத்த விகிதப்படி, மெஷர் ஈ-க்கு 18,750 டாலர். விற்பனை ஒன்று, பணம் போகும் இடம் இரண்டு. பெரிய தொகை எது என்று பார்த்தீர்களா? அதில்தான் கவுன்சிலுக்குக் கை வைக்கிற சுதந்திரமும் அதிகம். சமீப வருடங்களில் மேயர் மேட் மஹான் தலைமையில் அதில் கணிசமான பங்கை நிரந்தர மலிவு வீடுகளிலிருந்து தற்காலிகத் தங்குமிடங்களுக்குத் திருப்பினார்கள். தெருவில் படுப்பவரை இன்றைக்கே உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் அம்மாவின் வீட்டோடு போட்டி போடுவது தெரு முனை ஊஞ்சல் இல்லை, இந்த முடிவுதான். என் பார்வையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: வரும் ஆண்டில் மெஷர் ஈ வசூலில் எத்தனை சதவீதம் புதிய வாடகை வீடுகளுக்கு, அதில் முதியோருக்கு எவ்வளவு?

மாநகராட்சி முழுக் கட்டடத்தையும் கட்டுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சீனியர் அபார்ட்மென்ட்டில் பெரிய தொகை பெரும்பாலும் 1986-இல் வந்த ஃபெடரல் வரிச் சலுகைத் திட்டத்திலிருந்து வரும் (முதலீட்டாளர் பணம் போட்டு வரியில் கழித்துக்கொள்வார்). மேலே மாநிலக் கடன், கவுன்ட்டிப் பணம் (சாண்டா கிளாரா கவுன்ட்டியில் 2016-இல் மெஷர் ஏ மூலம் 950 மில்லியன் டாலர் அனுமதியானது), வங்கிக் கடன். நகரம் தருவது நிலமும் மென்கடனும். மென்கடன் என்றால் வாடகையில் செலவு போக மிஞ்சினால் மட்டும் திருப்பிக் கட்டுவது, பதிலுக்கு 55 வருடம் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருக்க ஒப்பந்தம். தொகையில் நகரத்தின் பங்கு சின்னதாக இருக்கலாம், ஆனால் அது முதலில் உறுதியானால்தான் மற்றவர்கள் வாசலுக்கு வருவார்கள். "எங்கள் பங்கு சிறியதுதானே" என்று யாராவது தட்டிக்கழித்தால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, பூங்காவும் வீடும் உண்மையாகவே மோதுகிற இடத்தைப் பற்றி. முதியோர் வீடு கட்டினாலும் அதன் மீது பூங்காக் கட்டணம் விழும். மலிவு வீடுகளுக்குச் சலுகை உண்டு, அதை இன்னும் கூட்டலாமா, அந்த இழப்பை எந்த நிதியிலிருந்து ஈடுசெய்வீர்கள் என்று கேளுங்கள். அதோடு நகரம் உபரி என்று அறிவிக்கிற நிலங்களின் பட்டியலையும் கேளுங்கள். மாநிலச் சட்டப்படி அவற்றை முதலில் மலிவு வீடு கட்டுபவர்கள், பூங்கா அமைப்புகள் போன்றோருக்குத்தான் காட்ட வேண்டும்.

எப்போது போவது? நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. மேயரின் பட்ஜெட் செய்தி மார்ச்சில், வரைவு மே மாதத் தொடக்கத்தில், விவாதக் கூட்டங்கள் மே முழுக்க, இறுதி வாக்கு ஜூனில். ஜூனில் போனால் எல்லாம் முடிந்திருக்கும், மார்ச்சுக்கு முன்னாலேயே உங்கள் வட்டாரக் கவுன்சிலர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பேச இரண்டு நிமிடம்தான் தருவார்கள், கூட்டம் அதிகமானால் ஒன்றாகக் குறைப்பார்கள். எழுதி வைத்துப் படியுங்கள்.

கவுன்சில் திரும்புகிற வரை அம்மா காத்திருக்க முடியாது இல்லையா. ஒரு கட்டடத்தின் பட்டியலில் பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். பே ஏரியா முழுவதற்குமான டோர்வே (Doorway) என்ற மலிவு வீட்டு இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வாடகை உதவி சேர்ந்த கட்டடங்களையும் ஃபெடரல் அரசின் முதியோர் வீட்டுத் திட்டமான 202-இன் கட்டடங்களையும் (62 வயதும் அதற்கு மேலும், வட்டார நடுநிலை வருமானத்தில் பாதிக்குள்) முதலில் பிடியுங்கள், ஏனென்றால் அங்கே வாடகை பொதுவாக அம்மாவின் வருமானத்தில் 30 சதவீதம்தான். வரிச் சலுகைத் திட்டத்தில் மட்டும் கட்டியவற்றில் வாடகை முன்பே நிர்ணயித்தது, குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள்.

விண்ணப்பத்தில் நம் ஆட்கள் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ஊரில் இருக்கும் வீட்டு வாடகை, பிக்சட் டெபாசிட் வட்டி, நீங்கள் மாதாமாதம் அம்மாவுக்குத் தரும் பணம், இவை எல்லாம் வருமானக் கணக்கில் வரும். "அது இந்தியாவில்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டால் பின்னால் பிரச்சினை. அம்மா பெயரில் ஊரில் வீடு இருந்தால் அதன் மதிப்புக்கும் வாடகைக்கும் இப்போதே காகிதம் திரட்டுங்கள். உங்கள் முறை வரும்போது ஆவணம் கொடுக்கச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள், அதற்குள் ஊரிலிருந்து தாள் வரவழைப்பது லேசான வேலை இல்லை.