கேபில் மாட்டிக்கொள்ளும் மஃரிப்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸ் கேப் மாலை 5.30க்குக் கிளம்புகிறது. மாரத்தஹள்ளியில் நான் இறங்கும்போது 7.30 ஆகிவிடும். இரண்டு மாதமாக மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) பெரும்பாலும் களாதான் (நேரம் தவறிய தொழுகை). இஷாவோடு (இரவுத் தொழுகை) சேர்த்துத் தொழுதுகொள்ளலாமா? சீட்டில் உட்கார்ந்தபடியே தொழுதால் கூடுமா? அஸரும் (மாலைத் தொழுகை) இழுபறிதான், இங்கே பள்ளிவாசலில் ரொம்பத் தாமதமாகப் பாங்கு சொல்கிறார்கள்."

அஸரை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். இங்குள்ள பள்ளிவாசல்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி) படிதான் பாங்கு. ஒரு பொருளின் நிழல் நடுப்பகல் நிழல் போக இரண்டு மடங்கு ஆன பிறகுதான் அவர்களுக்கு அஸர். நீங்கள் ஷாஃபிஈ மத்ஹபு, உங்களுக்கு ஒரு மடங்கு ஆனாலே வக்து (தொழுகை நேரம்) வந்துவிட்டது. டிசம்பரில் அது 3.30ஐ ஒட்டி வரும், ஹனஃபி கணக்கில் 4.15 தாண்டும். ஆகவே டீ பிரேக்கிலேயே நிம்மதியாகத் தொழுதுவிடுங்கள், பாங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹனஃபி நண்பர் யாராவது கூட இருந்தால் அவருக்கும் ஒரு செய்தி: இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மது இருவருமே ஒரு மடங்கு என்றுதான் சொன்னார்கள். நெருக்கடியில் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மஃரிப்தான் உண்மையான சிக்கல். நம் ஊரில் பெரியவர்கள் "மஃரிபுக்கு நேரம் ரொம்பக் குறைவு" என்று விரட்டுவார்களே, அதற்குக் காரணம் இமாம் ஷாஃபிஈயின் பிந்தைய கருத்து. ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்து, பாங்கும் இகாமத்தும் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) சொல்லி, ஐந்து ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழும் அளவுதான் வக்து என்பது அது. ஆனால் ஷாஃபிஈ அறிஞரான இமாம் நவவி போன்றவர்கள் பலப்படுத்தியது முந்தைய கருத்தைத்தான், அதாவது மேற்கு வானத்தின் செம்மை மறையும்வரை மஃரிப் இருக்கிறது. பெங்களூரில் சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் மறைவு 5.50 அளவில், ஜூலையில் 6.50 அளவில். அப்படியென்றால் ஜூலையில் வீட்டுக்கு வந்தே தொழலாம், நவம்பர், டிசம்பர் போன்ற மாதங்களில்தான் வண்டிக்குள்ளேயே வக்து முடிந்துவிடுகிறது. வருடம் முழுக்கப் பிரச்சினை என்று மலைத்துப்போகாதீர்கள், பிரச்சினை சில மாதங்களுக்குத்தான்.

சரி, சேர்த்துத் தொழலாமா? பயணி என்ற பெயரில் முடியாது. ஷாஃபிஈயில் 80 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அந்தச் சலுகை, ஊருக்கு ரயில் ஏறும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். சில்க் போர்டு ஜங்ஷனில் ஒரு மணி நேரம் நின்றாலும் நீங்கள் ஊரில் இருப்பவர்தான். ஆனால் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது: நபி (ஸல்) அவர்கள் மதீனாவில், பயமோ மழையோ இல்லாமல், லுஹரையும் (நண்பகல் தொழுகை) அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதார்கள். ஏன் என்று கேட்டபோது, சமுதாயத்துக்குச் சிரமம் தரக் கூடாது என்று நினைத்தார்கள் என்றார் இப்னு அப்பாஸ். இதை வைத்து இப்னு சீரீன் போன்ற ஆரம்பகால அறிஞர்கள், தேவை வந்தால் சேர்க்கலாம், வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்றார்கள். பெரும்பான்மை இமாம்கள் இதையும் ஏற்கவில்லை, ஹனஃபியில் ஹஜ்ஜின்போது அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் சேர்ப்பதே இல்லை. என் பதில் இதுதான்: மழை கொட்டி ஓசூர் ரோடு முழுக்க வண்டி நகராத ஒரு நாளில் அந்தக் கருத்தின்படி செய்யலாம். தினமும் 5.30 கேபுக்கு அது பொருந்தாது. தினமும் வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு ஏற்பாடுதான் செய்ய வேண்டும், சலுகை தேடக் கூடாது.

ஏற்பாடு என்ன? கேபை மாற்றுங்கள். 6.15, 6.30க்கு வண்டி இருந்தால் அந்த மாதங்களில் மட்டும் அதைக் கேளுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மஃரிபை ஆபீஸிலேயே முடித்துவிட்டு ஏறலாம். அது முடியாவிட்டால் வழியில் எங்காவது இறங்கித் தொழுதுவிட்டு பஸ் பிடியுங்கள். மூன்று ரக்அத் ஐந்து நிமிடம்தான், நானே பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஆளிடம் கேட்டுவிட்டு, துண்டை விரித்துத் தொழுதிருக்கிறேன். பூமி முழுவதும் நமக்குப் பள்ளிவாசலாக்கப்பட்டிருக்கிறது. கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) பெங்களூரிலிருந்து நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது. கூட வருகிறவர்களைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் களைத்து வீட்டுக்குப் போகிற நான்கு பேரை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அவர்கள் மனமொப்பிச் சரி என்றால் மட்டும்.

எதுவுமே நடக்கவில்லை, வண்டியில் இருக்கிறீர்கள், செம்மை மறையப் போகிறது. அப்போது சும்மா இருக்காதீர்கள். ஒளு இருந்தால் சீட்டில் அமர்ந்தபடி, முடிந்த அளவு கிப்லா பக்கம் திரும்பி, ருகூவுக்கும் (குனிதல்) ஸுஜூதுக்கும் (சிரம் பணிதல்) தலையைத் தாழ்த்தி, வக்தின் கண்ணியத்துக்காகத் தொழுதுவிடுங்கள். ஆனால் அது போதாது, இறங்கியதும் நின்று திருப்பித் தொழ வேண்டும். உட்கார்ந்து தொழுததை வைத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஒளு வேண்டுமே. ஆபீஸ் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவி, தரையெல்லாம் நனைத்துவிட்டு வருவது எனக்குச் சற்றும் பிடிக்காது. பின்னால் வருகிறவர் வழுக்குவார், துடைப்பது ஹவுஸ்கீப்பிங் அக்காதான். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' (இரு கையும் சேர்த்து அள்ளும் அரபு அளவை) தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார். அது முக்கால் லிட்டருக்குள்தான், அதாவது உங்கள் மேசையில் இருக்கும் தண்ணீர் பாட்டில். அதை நிரப்பிக்கொண்டு டாய்லெட்டுக்குள் போய்க் கால்களை நனையுங்கள், வெளியே ஒரு சொட்டு விழாது. இன்னொன்று: ஷாஃபிஈயில் அந்நியப் பெண்ணின் தோல் நேராகப் பட்டால் ஒளு முறிந்துவிடும், துணிக்கு மேலே பட்டால் ஒன்றுமில்லை. நெருக்கமாக உட்கார்ந்து வரும் கேபில் முழுக்கைச் சட்டை உதவும்.

போன இரண்டு மாதத்து மஃரிப்களை ஒரு தாளில் எண்ணி எழுதுங்கள். சரியாக நினைவில்லையென்றால் கூடுதலாகவே எழுதுங்கள். அப்புறம் அன்றாட மஃரிபோடு, முடிந்தால் சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகை) பின்னும், ஒவ்வொன்றாகக் களாச் செய்து அடித்துக்கொண்டே வாருங்கள்.