விடுதி அறைக்கு என்ன விளக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிப்ரவரி வகுப்புகள் நெருங்குகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விளக்கைப் பற்றித்தான்.

கேள்வி: ஹாஸ்டல் ரூமுக்கு நல்ல பல்பு எது?

இப்படி மொட்டையாகக் கேட்டால் என்ன சொல்வது? ஹோல்டர் பின் வகையா, திருகு வகையா? நம் ஊரில் இரண்டுமே உண்டு. பழைய பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: கூரையில் 9 வாட் எல்.இ.டி. இருக்கிறது. படித்தால் கண் வலிக்கிறது. 15 வாட் மாட்டலாமா?

வேண்டாம் தம்பி. எல்லோரும் செய்கிற தப்பு இது, சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. விடுதி அறையில் பல்பு கூரையின் நடுவில் இருக்கும், மேசை சுவரை ஒட்டி இருக்கும். நீங்கள் உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, உங்கள் தலை நிழல் நோட்டுப் புத்தகத்தின் மேலேயே விழுகிறது. 15 வாட் போட்டாலும் நிழல் அங்கேயேதான் இருக்கும், அறையில் தூங்குகிற இன்னொரு பையனுக்குத்தான் தொந்தரவு. 9 வாட் கிட்டத்தட்ட 800 லுமென் (லுமென் என்பது வெளிச்சத்தின் அளவு) தரும், சின்ன அறைக்கு அது தாராளம். காசை மேசை விளக்கில் போடுங்கள்: 450, 500 லுமென், 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் தூக்கலாகத் தெரியாத வெள்ளை நிறம்), கழுத்து வளைகிற மாதிரி. வலது கையால் எழுதுபவர் இடப்பக்கம் வைக்க வேண்டும், இடது கைக்காரர் வலப்பக்கம். பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. கூரை விளக்கையும் அணைக்காதீர்கள், சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் சீக்கிரம் சோர்ந்துபோகும். கடையில் வாட்டைப் பார்க்காமல் பெட்டியில் லுமென் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம், மல்டிபிளக்கில் (பல பிளக் செருகும் பலகை) இன்னொரு மல்டிபிளக்கைச் செருகாதீர்கள்.

கேள்வி: சார்ஜ் ஏறும் பல்பு வாங்கினேன். கரண்ட் போனால் எரிவதில்லை.

சுவிட்சை அணைத்து வைத்திருப்பீர்கள். சுவிட்ச் போட்டபடி இருந்தால்தான் கரண்ட் போகும்போது எரியும். கரண்ட் இருக்கும்போது சில மணி நேரம் எரிந்தால்தான் சார்ஜும் ஏறும். மூடிய கூண்டுக்குள் மாட்டாதீர்கள், சூட்டில் பேட்டரி கெடும். 2023-ல் மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரை (ஸ்டேஜ் கூடக் கூட வெட்டும் கூடும்) போனதைப் பார்த்துவிட்டோம், வெட்டு இல்லாத நாட்களில் எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகள் அறையில் காமாட்சி விளக்கு ஏற்றலாமா? (டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்)

அம்மா, திரைச்சீலையும் மெத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அறை அது. தீ எரிய விடுவதற்கு விடுதிகளில் பொதுவாக அனுமதியும் கிடையாது. பேட்டரி அகல் கொடுத்து அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் நெய் விளக்கு ஏற்றட்டும்.

கேள்வி: சென்னையில் வாங்கிய மேசை விளக்கு இங்கே எரியுமா?

எரியும், இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான். பிளக் பொருந்தாவிட்டால் தரமான அடாப்டர் வாங்குங்கள். கம்பியை வெட்டி நேரே சாக்கெட்டில் சொருகுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கட்டிலைச் சுற்றி கலர் எல்.இ.டி. பட்டை ஒட்டலாமா?

அழகுக்கு ஒட்டலாம், படிக்க உதவாது. சுவரில் ஒட்டினால் எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரியும், டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். கட்டில் சட்டத்தில் ஒட்டுங்கள். அதன் அடாப்டரை மெத்தைக்கு அடியில் வைக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன், மல்டிபிளக்கில் மல்டிபிளக் செருகாதீர்கள்.