எண்ணின் மேல் வண்ணம் படக்கூடாது

தண்டவாளப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேகன் பரிசோதகர் பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் கனடாவில், மிசிசாகாவில் இருக்கிறோம். 16 வயதான என் மகன் லெவல் கிராசிங் அருகே மணிக்கணக்கில் நின்று சரக்கு ரயில்களைப் படம் பிடிக்கிறான். எல்லாம் பெட்டிகளின் மேல் யாரோ ஸ்ப்ரே பெயின்டால் வரைந்த பெரிய பெரிய எழுத்துகள். கலை என்கிறான் அவன். பொதுச்சொத்தைப் பாழாக்கும் வேலை என்கிறார் அவன் அப்பா. போன வாரம் அவன் பையில் இரண்டு ஸ்ப்ரே டப்பாக்களைப் பார்த்தேன். நீங்கள் ரயில்வேயில் இருந்தவர். என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: டப்பா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன் அம்மா. முதலில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் வழக்கு.

அது கலைதான். மகள் வீட்டுக்குச் சிகாகோ பக்கம் போயிருந்தபோது, கிராசிங்கை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு வண்டியை அருகிலிருந்து பார்த்தேன். தானியம் ஏற்றும் சாம்பல் நிற ஹாப்பர் வேகன். அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஊதாவும் ஆரஞ்சுமாக ஒரு பெயர். ஹாப்பரின் உடம்பில் விலா எலும்பு போல இரும்புச் சட்டங்கள் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் ஏறி இறங்கியும் கோடு கோணவில்லை. இருட்டில், அவசரத்தில், நாலடி பின்வாங்கி நின்று பார்க்கக்கூட இடமில்லாத சந்தில் இதைச் செய்திருப்பான். கை பழகாதவனால் முடிகிற காரியமில்லை.

டி.எக்ஸ்.ஆராக, அதாவது வேகன் பரிசோதகனாக, வேலை பார்த்தவன் கண் அதோடு நிற்காது. வேகனின் எண், காலி எடை, ஏற்றக்கூடிய எடை, கட்டிய மாதம், ஆண்டு எல்லாவற்றையும் தேடினேன். ஊதா நிறம் அந்தக் கட்டத்துக்கு அருகில் வந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஓர் எழுத்துகூட மறையவில்லை. யாரோ முகம் தெரியாத பையன் என் தொழிலுக்கு மரியாதை செய்திருக்கிறான் என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

எண்ணை மறைக்காமல் விடுவது வேகனில் வரைபவர்களுக்குள் எழுதாத சட்டம். அதில் அவர்கள் நலனும் கலந்திருக்கிறது. எண் மறைந்தால் நிறுவனம் அந்த இடத்தில் பெயின்ட் அடித்து எண்ணைத் திரும்ப எழுதும், ஓவியம் போய்விடும். எண் தெரிந்தால் பெரும்பாலும் அப்படியே ஓடவிடுவார்கள். பணிமனையில் நிற்கும் வேகன் ஒரு காசும் சம்பாதிக்காது. 1974 ஜூலைக்குப் பிறகு கட்டிய வேகன் வட அமெரிக்காவில் 50 ஆண்டு ஓடலாம். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றிலும் ஒரே அகலத் தண்டவாளம் என்பதால், மான்ட்ரியலில் வரைந்தது மெக்சிகோ வெயிலில் வெளுக்கவும் வாய்ப்புண்டு.

பொதுச்சொத்து என்று உங்கள் கணவர் சொல்வது மட்டும் அங்கே பொருந்தாது. கனேடியன் நேஷனல் ரயில் நிறுவனம் 1995-லேயே தனியாரிடம் போய்விட்டது. வேகன்களில் பெரும்பகுதி ரயில் நிறுவனங்களுக்குக்கூடச் சொந்தமில்லை; வாடகைக்கு விடும் கம்பெனிகளுடையவை. ஆனால் தனியார் சொத்து என்பதால் குற்றம் குறைந்துவிடாது. சொத்தைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கும் கனடா குற்றவியல் சட்டத்தின் 430-வது பிரிவு இரண்டுக்கும் பொது.

உங்கள் கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வேகனில் படம் போடும் பழக்கம் ஸ்ப்ரே டப்பாவோடு பிறக்கவில்லை. நூறாண்டுக்கு முன்பே ரயில்வே தொழிலாளர்களும், வேலை தேடிச் சரக்கு வண்டியில் ஒளிந்து பயணித்த ஏழைகளும் சாக்கட்டியால் தங்கள் அடையாளத்தைப் பெட்டிகளில் போட்டு அனுப்பினார்கள். செயின்ட் லூயிஸில், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டில் வேலை பார்த்த ஹெர்பர்ட் மேயர், பனைமரத்தடியில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கும் ஒரு மனிதனை 1950-களிலிருந்து வேகன் வேகனாக வரைந்தார். ஆர்கன்ஸாவில் பிரேக்மேனாக இருந்த ரஸ்ஸல் பட்லர் 1971-இல் தொடங்கி, கௌபாய் தொப்பியோடு ஒரு முகத்தைப் போட்டு, அதன் கீழே ஒரு வரி எழுதி அனுப்புவார். வரி மாறிக்கொண்டே இருக்கும். நாங்களும் சாக்கட்டியும் கையுமாகத்தான் யார்டில் நடந்தோம். பழுதான வேகனில் 'சிக்' (நோயாளி) என்று எழுதுவோம். அதன் பக்கத்தில் ஒரு பூவோ, ஊர்ப் பெயரோ போட்டுவிட்டுப் போன தோழர்களை எனக்குத் தெரியும். தன் கை பட்ட வண்டி எங்கோ போகிறது என்ற நினைப்பு ரயில்காரனுக்கு மட்டும் உரியதில்லையே!

பெரிய வண்ண எழுத்துகள் நகரத்து ரயிலிலிருந்து வந்தவை. நியூயார்க் சுரங்க ரயிலில் வண்ணம் பூசிய கடைசிப் பெட்டியை 1989 மே 12 அன்று ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். வரைந்த பெட்டியை இனி வெளியே விடுவதில்லை என்று நிர்வாகம் உறுதியாக நின்றதும், பலர் சரக்கு யார்டுகள் பக்கம் திரும்பினார்கள்.

இனி நான் நாசவேலை என்று எதைச் சொல்வேன் என்பதற்கு வருகிறேன். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

வேகனின் பக்கத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ துண்டு துண்டாகப் பட்டைகள் ஒட்டியிருப்பதை உங்கள் பையன் படங்களிலேயே பார்க்கலாம். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டைகள் அவை. இரவில் விளக்கில்லாத கிராசிங்கில் கடந்துகொண்டிருக்கும் ரயில் தெரியாமல், அதன் பக்கவாட்டிலேயே கார்கள் போய் மோதியிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க அரசு 2005-இல் இவற்றைக் கட்டாயமாக்கியது. இதன்மேல் பெயின்ட் அடிப்பவன் எவ்வளவு பெரிய ஓவியனாக இருந்தாலும், காரில் வருபவனின் கண்ணைக் கட்டுகிறான்.

டேங்கர் வேகனில் சாய்சதுரத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 1075 என்றால் எல்.பி.ஜி., 1267 என்றால் கச்சா எண்ணெய். வண்டி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் தூரத்தில் நின்று பைனாகுலரில் தேடுவது அந்த எண்ணைத்தான். அது தெரியாவிட்டால் அவர் எதை எதிர்கொண்டு போகிறார் என்பதே அவருக்குத் தெரியாது.

இப்போது டப்பா. அம்மா, யார்டுக்குள் உங்கள் பையன் காலே வைக்கக்கூடாது. அசையாமல் நிற்கும் வேகன் அசையாது என்று நம்பக்கூடாது. எஞ்சின் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அது இழுத்தால் வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகளில் உள்ள இடைவெளி ஒவ்வொன்றாக இறுகி, கடைசி வேகன் வெடுக்கென்று குதிக்கும். ஹம்ப் யார்டு என்றால் இன்னும் மோசம்: மேட்டிலிருந்து கழற்றிவிட்ட வேகன் எஞ்சின் இல்லாமல், சத்தமில்லாமல், தானாக உருண்டு வரும். ஏற்றிய வேகன் ஒன்று 130 டன் வரை இருக்கும். வட அமெரிக்க யார்டுகளில் ரிமோட்டில் ஓடும் எஞ்சின்களும் உண்டு. கேபினில் ஆள் இருக்கமாட்டார். யார்டு வேலை தெரிந்தவர்களே, சீருடையோடு, கை இழந்ததையும் உயிர் விட்டதையும் பார்த்திருக்கிறேன். காதில் இயர்போனோடு இருட்டில் நுழையும் பிள்ளை எப்படித் தப்பிப்பான்?

டப்பாவைப் பிடுங்கி எறியாதீர்கள். வேறொன்றை ஒளித்து வாங்குவான். டொரான்டோ மாநகராட்சி 2012 முதல் 'ஸ்ட்ரீட்ஆர்ட் டொரான்டோ' என்ற திட்டத்தில் சுவர்களிலும் சிக்னல் பெட்டிகளிலும் வரைய ஓவியர்களுக்குப் பணமே கொடுக்கிறது. அங்கே அவனை அழைத்துப் போங்கள். ரயிலில்தான் வேண்டும் என்றால் 87-இல் ஒரு பங்கு அளவில் மாதிரி வேகன்கள் கடைகளில் கிடைக்கின்றன. வளர்ந்தவர்களே வாங்கி, நிஜப் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைகிறார்கள். அதில் வரையும்போதும் எண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள். கிராசிங்கில் படம் பிடிப்பதைத் தடுக்க வேண்டாம். கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். முடிந்தால் ஒருநாள் அவன் அப்பாவும் கூட நிற்கட்டும்.

கேள்வி: வரைந்த ஓவியத்தை உரிமையாளர் அழித்தால் ஓவியர் வழக்குப் போட முடியுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அனுமதியோடு வரைந்திருந்தால் அமெரிக்காவில் முடிந்திருக்கிறது. நியூயார்க் குயின்ஸ் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பல ஆண்டுகள் வரைந்து வந்தார்கள். 2013-இல் அவரே ஓரிரவில் வெள்ளையடித்துவிட்டார். 1990-ஆம் ஆண்டின் ஓவியர் உரிமைச் சட்டத்தைக் காட்டி 21 ஓவியர்கள் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றார்கள். 2018-இல் வந்த தீர்ப்பு அது. 2020-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. வேகனில் வரைபவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. அவர்களுக்கு இந்தக் கதவு திறப்பது கடினம்.

கேள்வி: நம் வேகன்களில் வரைந்தால் என்ன தண்டனை?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ரயில்வே சட்டம் 1989-இன் 166-வது பிரிவு, வண்டியில் உள்ள எழுத்தையோ எண்ணையோ அழிப்பவருக்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 250 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அத்துமீறி நுழைந்ததற்கு 147-வது பிரிவு தனி. அதில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நம் வேகனின் 11 இலக்க எண்ணில் வகை, எந்த ரயில்வே, கட்டிய ஆண்டு எல்லாம் அடக்கம். 250 ரூபாய் அபராதம் அதற்கு மிகக் குறைவு என்பது என் கருத்து.