'கோப்ளின்' கொரியத் தொடர் சுட்ட கதையா?

சாகாத ஆண், பள்ளிக்கூடப் பெண், காதல், இதெல்லாம் இங்கிலீஷ் வாம்பயர் (ரத்தக்காட்டேரி) படத்தில் ஏற்கெனவே வந்ததுதானே, இதை எப்படிச் சொந்தக் கதை என்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுட்ட கதை இல்லை. 16 எபிசோடையும் மூன்று முறை பார்த்தவள் நான், தைரியமாகச் சொல்வேன்.

சாகாதவன் மனுஷியைக் காதலிப்பது யார் வீட்டுச் சொத்தும் இல்லை, அதை வைத்து என்ன செய்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். கோப்ளின் என்பது வெளிநாட்டுக்காரர்களுக்காக வைத்த பெயர். கொரியப் பாட்டிக் கதைகளில் அதன் பெயர் தொக்கேபி, ஒரு வகைப் பேய். ரத்தக்கறை பட்டுத் தூக்கிப்போட்ட பழைய துடைப்பம் மாதிரி சாமான்களில் இருந்து பிறக்கும், ராத்திரி வழியில் போகிறவனை மல்யுத்தத்துக்குக் கூப்பிடும், மெமில் என்கிற தானியத்தில் செய்யும் ஒரு பண்டம் என்றால் அதற்கு உயிர். கதாசிரியர் கிம் உன்-சுக் அந்தத் துடைப்பத்தை எடுத்துவிட்டு, போர்க்களத்தில் ஆயிரம் பேர் ரத்தம் குடித்த ஒரு தளபதியின் வாளை வைத்தார். அந்தத் தளபதிதான் சாகாத கோப்ளின் ஆகிறான். வாள் அவன் நெஞ்சிலேயே தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது, அதை உருவ வேண்டியவள் அவன் மணப்பெண், உருவினால் அவன் இருக்க மாட்டான். இந்த முடிச்சை எந்த வாம்பயர் படத்திலும் நான் பார்த்ததில்லை. அப்புறம் அந்த ஜுமுன்ஜின் கடற்கரை சீன்: பிறந்தநாள் கேக்கோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் முன்னால் அவன் கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு வந்து நிற்பான். அது மெமில் பூ. பாட்டிக் கதையில் பேய்க்குப் பிடித்த தீனி, இங்கே காதலுக்கான பூ ஆகிவிட்டது!

அதற்காகக் காப்பி என்று யார் சொன்னாலும் அடித்து விரட்டக் கூடாது. 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' என்ற இன்னொரு கொரியத் தொடர் 2013 கடைசியில் வந்தபோது, 'சொல்ஹி' என்ற படக்கதையை வரைந்த காங் கியோங்-ஓக் இது தன் கதை மாதிரி இருக்கிறதே என்று கேள்வி எழுப்பினார், 2014-இல் வழக்கும் போட்டார், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். 1609-இல் காங்வோன் பகுதி வானத்தில் ஏதோ விசித்திரமாகப் பறந்தது என்று அப்போது கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசவைக் குறிப்பில் இருக்கிறது, இரண்டு கதையும் அதைத் தொட்டுத்தான் எழுந்தவை. குறிப்பு எல்லாருக்கும் பொது, சரி. ஆனால் அதே குறிப்பு, அதே நானூறு வருஷ ஆயுசு, அதே நட்சத்திரக் காதல் என்று வரிசையாக வந்து நின்றால், முதலில் வரைந்தவருக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கோப்ளினில் அப்படி மறைக்க ஒன்றும் இல்லை. முதல் எபிசோடின் ஆரம்பத்தைப் போட்டுப் பாருங்கள். ராத்திரியில் தெருவோரம் காய்கறி விற்கும் ஒரு பாட்டி, மனுஷக் கை பட்ட பொருளில், ரத்தம் பட்ட பொருளில் உயிர் குடியேறும் என்று கதை சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டிருப்பது கதாநாயகியின் அம்மா. சொல்கிற பாட்டி, கொரியர்கள் பிள்ளை வரம் கேட்டுக் கும்பிடும் சம்ஷின் தெய்வம்.