வன்னியில் எப்போது பனி விழுந்தது?

கேள்வி: ஐயா, நந்திக்கடல் ஈரமணலில் ஓடி ஓடி நின்று, கிட்டப் போனால் எழும்பிப் பறக்கும் வண்டுகளைப் பற்றித் தேடப்போய், கரையோர வண்டுகளின் மரபணு வேறுபாட்டுக்குப் பனியுகமும் ஒரு காரணம் என்று வாசித்தேன். வன்னியில் எப்போது பனி விழுந்தது? (உயர்தர உயிரியல் மாணவி, முள்ளியவளை)

பதில்: விழவில்லை பிள்ளை, விழத் தேவையும் இல்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிப்பாளங்கள் கிடந்தன, அவ்வளவு தண்ணீரும் கடலில் இருந்து போனதுதான், அதனால் உலகம் முழுக்கக் கடல்மட்டம் இன்றையதை விட 120 மீற்றர் அளவுக்குக் கீழே நின்றது. பாக்குநீரிணையோ அநேக இடங்களில் 15 மீற்றர் ஆழம்கூட வராது. எல்லாம் தரை. பூநகரிக்கும் விடத்தல்தீவுக்கும் அப்போது கடற்கரையே கிடையாது, இராமநாதபுரம் வரை நடந்தே போகலாம். முல்லைத்தீவுப் பக்கம் கரை கிழக்கே தள்ளிப்போனது, ஆனாலும் கரை என்று ஒன்று இருந்தது.

நீ பார்த்தது புலி வண்டாகத்தான் இருக்கும். ஓடும் வேகத்தில் அதற்குக் கண் தெரியாது, அதுதான் நின்று நின்று ஓடுகிறது. அதன் புழு மணலில் நேர்க்குத்தாகக் குழி தோண்டி, வாசலைத் தலையாலேயே அடைத்துக்கொண்டு காத்திருக்கும், எறும்பு கிட்ட வந்தால் டக்கென்று பிடித்து உள்ளே இழுத்துவிடும், இழுபறியில் தானே வெளியே வந்துவிடாமல் இருக்க முதுகில் கொக்கிகளும் உண்டு. கடலோர இனங்களுக்கு அந்த ஈரமணல் இல்லாமல் குடித்தனம் இல்லை, ஆகவே கரை நகர்ந்தால் அவையும் நகரத்தான் வேண்டும்.

சரி, மரபணுவுக்கு வருவோம். பல இன நெல் கலந்த கடகத்தில் ஒரு பிடி மட்டும் அள்ளி விதைத்தால், விளைச்சல் எவ்வளவு பெருகினாலும் அந்தப் பிடிக்குள் வராத இனம் வராது. புதுக்கரையில் சில வண்டுகள் மட்டும் குடியேறினாலும் இதே கதைதான். அப்புறம், இரண்டு கூட்டங்கள் நெடுங்காலம் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றிலும் வேறுவேறு மாற்றங்கள் சேரும். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணி என்ற சிறு உறுப்புக்குள் தாய்வழியாக வரும் டி.என்.ஏ.யில் இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் ஒரே இனக் கடற்கரைப் புலி வண்டை வோக்லர், டிசால் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள்: அத்திலாந்திக் கரைக் கூட்டமும் மெக்சிக்கோ வளைகுடாக் கூட்டமும் தெளிவாக வேறுபட்டிருந்தன. இரண்டு கரைக்கும் நடுவில் புளோரிடாத் தீபகற்பம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பனியுகம் ஒருமுறை வந்துபோன சங்கதியும் இல்லை, கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை கடல் இப்படி இறங்கி ஏறியிருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், பூநகரிக் கரை வண்டுகள் கடல் திரும்பிய பிறகு, கடந்த பத்தாயிரம் ஆண்டுக்குள் வந்து குடியேறியவை. முல்லைத்தீவு வண்டுகளை விட அவற்றில் மரபணு வகைகள் குறைவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கேள்வி: குளிரில் வண்டுகள் செத்து அழியவில்லையா? (வாசகர், மாங்குளம்)

பதில்: நானும் அப்படித்தான் நினைப்பேன், ஆனால் பெரும்பாலானவை இடம் மாறித் தப்பின. ரஸல் கூப் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளில் கண்டெடுத்த ஒரு சாணவண்டு இனம், இன்று வாழ்வது திபெத் மேட்டுநிலத்தில்!

முள்ளியவளைப் பிள்ளைக்கு இன்னொன்று. டி.என்.ஏ. எடுக்க வண்டின் ஒரு கால் போதும், ஆனால் பிடிப்பதற்கு முன் வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி எடுக்கவேண்டும். பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு என்றால் குழிகளை எண்ணி, ஈரக்கரையில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதினாலே போதும்.