துருப்பிடித்த கப்பலும் ஒரு கட்டைவிரலும்

அன்புள்ள ஐயா,

தென் சீனக் கடல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்காவை நம்பிக்கொண்டு பிலிப்பைன்ஸ் சீனாவோடு மல்லுக்கு நிற்பது தற்கொலையாகத்தான் எனக்குப் படுகிறது. 2012இல், பிலிப்பைன்ஸ் தனதென்று சொல்லும் ஸ்கார்பரோ திட்டைச் சீனா வளைத்துக்கொண்டபோது அமெரிக்கா என்ன செய்தது? தாக்கினால் ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்று இரு நாடுகளும் போட்டுக்கொண்ட 1951 ஒப்பந்தம் வெறும் காகிதம்தானே?

எம்.

அன்புள்ள எம்.,

ஸ்கார்பரோவைப் பொறுத்தவரை உங்கள் கோபம் நியாயமானது. அமெரிக்கா நடுவில் புகுந்து பேசியும் பிலிப்பைன்ஸ் கப்பல்கள்தான் விலகின, சீனக் கப்பல்கள் அங்கேயே நின்றன. ஆனாலும் காகிதம் என்று தள்ளிவிட முடியாது. ஏன் என்பதற்கு ஒரு கப்பலைக் காட்டுகிறேன்.

பெயர் சியரா மாட்ரே. 1944இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டியது. வியட்நாம் போரிலும் உழைத்து, கடைசியில் பிலிப்பைன்ஸ் கைக்கு வந்தது. 1995இல், பிலிப்பைன்ஸ் தனதென்று சொல்லும் மிஸ்சீஃப் திட்டில் சீனா கொட்டகை போட்டு உட்கார்ந்தது தெரியவந்தது. அமெரிக்கா பிலிப்பைன்ஸிலிருந்த சூபிக் கடற்படைத் தளத்தைக் காலிசெய்து மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. (பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்ற கணக்கில் 'வெளியே போ' என்று சொன்னதால் போன தளம் அது.) பதிலுக்கு பிலிப்பைன்ஸ் 1999இல் இந்தக் கிழட்டுக் கப்பலைப் பக்கத்திலிருக்கும் செகண்ட் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. இன்றும் அது அங்கேதான் சாய்ந்து கிடக்கிறது. பக்கவாட்டில் பெரிய ஓட்டைகள், உள்ளே ஒரு சில வீரர்கள்.

அதை இழுத்துப்போடுவது சீனாவுக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் கடற்படைப் பட்டியலிலிருந்து பிலிப்பைன்ஸ் அதை இன்னும் நீக்கவில்லை. பசிபிக்கில் ராணுவத்தின் மீதோ அரசுக் கப்பல் மீதோ ஆயுதத் தாக்குதல் நடந்தால் ஒப்பந்தம் பொருந்தும் என்கிறது 1951 வாசகம். தென் சீனக் கடலும் அதில் அடக்கம் என்று 2019இல் அமெரிக்கா வாய்விட்டே சொன்னது. ஓடிவந்து சண்டை போடுவேன் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவரவர் அரசியல் சட்ட நடைமுறைப்படி செயல்படுவோம் என்றுதான் இருக்கிறது. அந்த வழவழப்பே சீனாவை யோசிக்க வைக்கப் போதுமானதாக இருக்கிறது.

அதனால் சீனா கப்பலைத் தொடுவதில்லை, அதற்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளைத்தான் மறிக்கிறது. முதலில் தண்ணீர் பீரங்கி, பிறகு இடித்தல். 2024 ஜூன் 17 அன்று கோடரியும் கத்தியும் வந்தன. படகுகளைக் குத்திக் கிழித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமிக்குக் கட்டைவிரல் போனது.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். பிலிப்பைன்ஸ் அதிபர் மாளிகையிலிருந்து முதலில் வந்த விளக்கம், 'தவறான புரிதலாகவோ விபத்தாகவோ இருக்கலாம்' என்பது. விரல் போனது அவர்கள் ஆளுக்கு, சமாதானம் சொன்னதும் அவர்களே! சில நாள் கழித்துத்தான் பாதுகாப்பு அமைச்சர், அது திட்டமிட்ட செயல் என்றார். ஆயுதத் தாக்குதல் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அமெரிக்கா பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வி எழுவதை மணிலாவும் விரும்பவில்லை, வாஷிங்டனும் விரும்பவில்லை, பெய்ஜிங்கும் விரும்பவில்லை என்பதே என் வாசிப்பு. பதினேழு நாள் முன்னால்தான் அதிபர் மார்கோஸ், வேண்டுமென்றே செய்த செயலால் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் செத்தால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கமானது என்று சிங்கப்பூரில் பேசியிருந்தார். கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அதற்கு ஒரு அங்குலம் இப்பால் நின்று அடிக்கலாம், இல்லையா?

ஆக, ஒப்பந்தம் சண்டையை நிறுத்தவில்லை. அதன் உருவத்தை மாற்றியிருக்கிறது. தற்கொலை என்ற உங்கள் சொல்லை அதனால்தான் நான் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் வருகிறேன்: 2023இல் அமெரிக்கப் படைகளுக்குத் திறந்துவிட்ட தளங்களை ஐந்திலிருந்து ஒன்பதாக்கியதை, அதுவும் சிலவற்றைத் தைவானைப் பார்த்த வடக்குப் பக்கத்தில் வைத்ததை, சீனா தன் கழுத்தில் விழும் கயிறாகத்தான் பார்க்கும்.

2024 ஜூலையில் உணவுப் படகுகளை விடுவது பற்றி பிலிப்பைன்ஸும் சீனாவும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன. சாப்பாடு போகட்டும், கட்டுமானப் பொருள் போகக்கூடாது என்பதுதான் சீனா விடாமல் பிடித்திருக்கும் பிடி. எண்பது வயது இரும்பை உப்புத் தண்ணீர் தின்றுகொண்டிருக்கிறது. அது தானாக இற்று விழுந்தால் 1951 ஒப்பந்தத்தின் எந்த ஷரத்திலும் அதற்கு இடம் கிடையாது.