தம்பியின் சாவைச் சொல்லிக் குத்துகிறார்கள்

கேள்வி: அக்கா, ஐப்பசியில் என் தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்டான். துர்மரணம் என்று சொல்லி கோயில் பாதையால் பிரேதத்தைக் கொண்டுபோக விடவில்லை. லயத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அம்மா சாப்பிடாமல் மூலையிலேயே கிடக்கிறார். இப்போது மகளுக்கு வந்த சம்பந்தமும் நின்றுவிட்டது, "அது அந்த இரத்தத்திலேயே இருக்கும்" என்றார்களாம். இனி மாரடைப்பு என்று சொல்லிவிடு என்கிறார் கொழும்பில் இருக்கும் மாமா. சொல்லலாமா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, தம்பிக்காக அழக்கூட விடாமல் ஊர் உங்களைப் பதில் சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. மற்றச் சாவு வீடுகளுக்குத் தேத்தண்ணி போட, கூடாரம் கட்ட என்று ஓடி வருகிற அதே சனம் இந்த வாசலில் மட்டும் "ஏன் செய்தான், யாரால் செய்தான்" என்று விசாரிக்கிறது. அந்த விசாரணையைத் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்த்துக்கொள்வார், அயலவர்களுக்கு அந்த வேலை இல்லை.

இரத்தம் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். 1990களின் நடுவில் தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று; 1995இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இப்படி இறந்தார்கள். அரசாங்கம் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது, அடுத்த 20 வருடங்களில் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த நாட்டு மக்களின் இரத்தமா மாறியது? யுத்தமும் கஷ்டமும் இருக்கத்தான் செய்தன. தாங்க முடியாத அந்த ஒரு வேளையைக் கடக்க முடிந்ததால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள், உங்கள் தம்பிக்கு அந்த வேளையைக் கடக்க வழி கிடைக்காமல் போய்விட்டது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தையே 1998இல் நீக்கிவிட்டார்கள், லயத்துப் பேச்சுத்தான் இன்னும் மாறவில்லை.

மனச்சோர்வு சில குடும்பங்களில் தொடரலாம், சர்க்கரை வியாதி தொடர்வதுபோல. அதற்கு வைத்தியம் இருக்கிறது, சாபம் தோஷம் என்று எதுவும் இல்லை. அதனால் அம்மாவை இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கோ உங்களுக்கோ இனி எதற்கு இருக்க வேண்டும் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழிலேயே பேசலாம்.

மாரடைப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம், நாளைக்கு மகள் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும். எப்படி நடந்தது என்று யாருக்கும் விவரிக்கவும் தேவையில்லை. "மனசு உடைந்து தன்னையே மாய்த்துக்கொண்டான், அதற்கு மேல் பேச எனக்கு முடியாது" என்றால் போதும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதுவேதான். அப்புறம், கோயில் நிர்வாகத்தாரிடம் நேரே போய்க் கேளுங்கள், அடுத்து இன்னொரு வீட்டில் இப்படி நடந்தால் அவர்களுக்கும் பாதையை மறிப்பீர்களா என்று. தனியாகப் போக வேண்டாம், தோட்டத் தலைவரையோ பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரையோ துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.